ராபன் தீவின் உணவுப் பலகை: சிறையும் படிநிலையும்



இந்த ஆண்டின் நினைவுச் சொற்பொழிவை எங்களிடம் ஒப்படைத்த மன்றத்துக்கு நன்றி. யாருடைய நினைவில் இங்கே கூடியிருக்கிறோமோ அந்தத் தோழருக்குப் புகழுரை பிடிக்காது. கூட்டம் என்றால் ஒரு பொருளை நடுவில் வைத்து மோதிப் பார்க்க வேண்டும் என்பார். அவருக்குச் செய்யும் மரியாதையாக, விவாதத்துக்குரிய ஒன்றையே கொண்டுவந்திருக்கிறோம்.

2019ஆம் ஆண்டின் இறுதியில் எங்களில் ஐந்து பேர் தென்னாப்பிரிக்கா போனோம். ஒரு வழக்கறிஞர், இரண்டு ஆசிரியர்கள், ஒரு தொழிற்சங்கத் தோழர், சமூகவியல் படித்துவிட்டுக் களப்பணி செய்யும் ஒருவர். அங்கே ராபன் தீவுச் சிறையைப் பார்த்தோம். இந்த உரையை ஐவரும் உட்கார்ந்து பேசித்தான் எழுதினோம். ஆகவே இதில் 'நான்' இல்லை, 'நாங்கள்'தான். நாங்கள் கேட்க வந்த கேள்வி இது: ஒரு சிறை அருங்காட்சியகமாக மாறும்போது எதெல்லாம் காட்சிக்கு வைக்கப்படுகிறது, எது விடுபட்டுப் போகிறது?

முதலில் அந்தத் தீவைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். கேப் டவுன் துறைமுகத்திலிருந்து படகில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். மரம் குறைவான, தட்டையான நிலம். திரும்பிப் பார்த்தால் நகரமும் அதன் பின்னால் மேசை மலையும் தெளிவாகத் தெரியும். உள்ளே அடைக்கப்பட்டவர்களின் கண்ணுக்கும் அந்த ஊர் தெரிந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

மண்டேலா இருந்த சிறை என்றுதான் நாமெல்லாம் படித்திருக்கிறோம். அந்தத் தீவின் சிறை வரலாறோ 300 ஆண்டுகளுக்கும் மேல் நீள்கிறது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனி கேப் பகுதியில் கால் வைத்த சில ஆண்டுகளிலேயே, 1658இல், கோய்கோய் மக்களின் தலைவர் ஆட்ஷுமாட்டோவை அங்கே கொண்டுபோய் வைத்தது. அவர் படகில் தப்பிவிட்டார். 1819இல் ஆங்கிலேயர் கோசா மக்களின் தலைவர் மக்காண்டாவை அடைத்தார்கள். அடுத்த ஆண்டு தப்பும் முயற்சியில் அவர் கடலில் மூழ்கி இறந்தார். 1846 முதல் 1931 வரை தொழுநோயாளிகளையும் மனநோயாளிகளையும் அங்கேதான் ஒதுக்கினார்கள். 1961 முதல் நிறவெறி அரசின் உயர்பாதுகாப்புச் சிறை. கைதிகள் அனைவரும் வெள்ளையரல்லாத ஆண்கள், காவலர்கள் அனைவரும் வெள்ளையர்கள். கடைசி அரசியல் கைதிகள் 1991இல் வெளியேறினார்கள். 1997இல் அது அருங்காட்சியகமானது. 1999இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். நிலத்தைப் பறிகொடுத்தவர், எதிர்த்துப் போரிட்டவர், நோயாளி, புத்தி பேதலித்தவர், அரசியல் போராளி. கண்ணில் படக்கூடாது என்று ஒரு அதிகாரம் யாரையெல்லாம் நினைத்ததோ அவர்களையெல்லாம் தண்ணீருக்கு அப்பால் தள்ளியது. ஊருக்கு வெளியே வைக்கப்படுவது என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சுற்றிப் பார்ப்பதில் முதல் பாதி பேருந்தில். சுண்ணாம்புக்கல் குவாரியில் நிறுத்துகிறார்கள். வெள்ளைப் பாறையில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் ஆண்டுக்கணக்காக வெட்டிய கைதிகளின் கண்கள் கெட்டன. கறுப்புக் கண்ணாடி கேட்டு, அது கிடைக்கவே சுமார் மூன்று ஆண்டுகள் ஆயின. அதே குவாரியில்தான் எழுத்தறியாதவருக்கு எழுத்தும், படித்தவருக்கு அரசியலும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். வாசலில் ஒரு கற்குவியல் இருக்கிறது. 1995இல் முன்னாள் கைதிகள் மீண்டும் அங்கே கூடியபோது மண்டேலா ஒரு கல்லை எடுத்து வைத்தார். மற்றவர்களும் ஆளுக்கொன்று வைத்தார்கள். சிற்பி செதுக்கிய நினைவுச் சின்னங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறோம். இது வேலை செய்தவர்கள் தங்கள் கையால் அடுக்கியது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ராபர்ட் சொபுக்வேயின் வீடு. 1960 மார்ச் 21 அன்று, கறுப்பின மக்கள் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய பாஸ் புத்தகத்தை எதிர்த்து அவருடைய இயக்கம் போராடியது. அன்று ஷார்ப்வில் என்ற ஊரில் போலீஸ் சுட்டு 69 பேர் செத்தார்கள். சொபுக்வேவுக்கு மூன்று ஆண்டுத் தண்டனை. அது முடிந்ததும் விடவில்லை. 1963இல் அவருக்காகவே சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, ஆண்டுதோறும் அதைப் புதுப்பித்து, 1969 வரை அந்த வீட்டில் தனியாக வைத்தார்கள். மற்ற கைதிகளோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது. அவர்கள் அந்தப் பக்கமாக வேலைக்குப் போகும்போது, அவர் ஒரு பிடி மண்ணை அள்ளி விரல் வழியே சிந்தவிடுவாராம். நாம் எல்லோரும் இந்த மண்ணின் பிள்ளைகள் என்று அதற்கு அர்த்தம். தண்டனை முடிந்த பிறகும் சட்டத்தின் பெயரால் அடைத்து வைக்கும் தந்திரத்தை, குண்டர் சட்டமும் ஊபாவும் பார்த்த நாம் நன்றாக அறிவோம்.

இரண்டாம் பாதியில், சிறைக் கட்டடத்துக்குள் கூட்டிப்போகிறவர் அங்கேயே கைதியாக இருந்தவர். எங்களுக்கு வந்தவர் வயதானவர், குரலை உயர்த்தாமல் பேசினார். புதிதாக வந்த அரசியல் கைதிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், ஆறு மாதத்துக்கு ஒரு சந்திப்பு. நம் ஊரில் 'மனு பார்க்கப் போகிறோம்' என்பார்களே, அது. குழந்தைகள் வர அனுமதியில்லை. அவர்களுக்கு 16 வயதாகும் வரை அப்பன் முகம் பார்க்க முடியாது. மண்டேலாவின் அறை முன்னால் எல்லோரும் படம் எடுத்தார்கள், நாங்களும் எடுத்தோம். தரையில் பாய், ஒரு முக்காலி, ஒரு வாளி.

அதன் பிறகு அவர் ஒரு பலகையைக் காட்டினார். கைதிகளின் உணவுப் பட்டியல் அது. இரண்டு பத்திகள். 'பி' என்ற பத்தி கலப்பினத்தவருக்கும் ஆசியருக்கும், 'சி' என்ற பத்தி பாண்டுகளுக்கு, அதாவது கறுப்பின ஆப்பிரிக்கர்களுக்கு. பி பிரிவுக்கு இறைச்சி 6 அவுன்சு, சி பிரிவுக்கு 5 அவுன்சு. பி பிரிவுக்கு ஜாம் அல்லது பாகு 1 அவுன்சு, சி பிரிவுக்கு ஒன்றும் இல்லை. ரொட்டியும் ஆப்பிரிக்கர்களுக்குக் கிடையாது.

அந்தப் பலகையின் முன்னால் நாங்கள் நின்ற நிலையை உங்களிடம் சொல்லியாக வேண்டும். நாங்கள் தலித்துகள். எந்தப் பட்டியலிலும் எங்கள் பெயரைக் கடைசி வரியில் தேடியே பழகியவர்கள். இந்தப் பலகையில் எங்கள் இடம் கடைசியில் இல்லை. 'ஆசியர்' என்ற சொல்லுக்குள் நாங்கள் வருகிறோம். எங்களுக்கு ஒரு அவுன்சு கறி கூடுதல். எங்களுக்குக் கீழே ஒருவர் இருக்கிறார்.

படிநிலைச் சமத்துவமின்மை என்று பாபாசாகேப் அம்பேத்கர் விளக்கியதை வகுப்பறையில் படித்திருக்கிறோம், மேடையில் பேசியிருக்கிறோம். எல்லோரையும் ஒரே அளவில் கீழே வைத்தால் எல்லோரும் சேர்ந்து எழுந்துவிடுவார்கள். ஆகவே படி வைக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் கீழே ஒருவர் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். இழக்க ஒரு அவுன்சு இருக்கிறவன் யோசிப்பான். அந்தச் சமையலறைத் தராசில் அம்பேத்கரின் சமூகவியல் முழுதும் நிறுத்துக் காட்டப்பட்டிருந்தது.

இப்போது இன்னொரு செய்தி. 1964 ஜூனில் ரிவோனியா வழக்கில் எட்டுப் பேருக்கு ஆயுள் தண்டனை. ஒரே வழக்கு, ஒரே குற்றச்சாட்டு, ஒரே தண்டனை. ஆனால் எட்டுப் பேரில் வெள்ளையரான டெனிஸ் கோல்ட்பர்க்கை மட்டும் பிரிட்டோரியாவில் நிறுத்திக்கொண்டு, மற்ற ஏழு பேரைத் தீவுக்கு அனுப்பினார்கள். அந்த ஏழு பேரில் அகமது கத்ராடா இந்திய வம்சாவளியினர். ஏழு பேரில் அவர்தான் இளையவர். அவருக்கு முழுக்கால்சட்டையும் காலுறையும் கொடுத்தார்கள். மண்டேலாவுக்கும் சிசுலுவுக்கும் மற்ற ஆப்பிரிக்கத் தோழர்களுக்கும் அரைக்கால்சட்டை. வெள்ளையர் வீடுகளில் எந்த வயது ஆப்பிரிக்கரையும் 'பையா' என்று கூப்பிடுவார்களே, அதன் சீருடை வடிவம் அது. காலுறையும் கிடையாது. தீவின் குளிரில்.

கத்ராடாவுக்கு இது கூசியது. தன் தலைவர்கள் அரைக்கால்சட்டையில் நிற்க, தான் முழுக்கால்சட்டையில் நிற்பதா? அதை விட்டுவிடுகிறேன் என்றார். மூத்த தோழர்கள் வேண்டாம் என்றார்கள். இருப்பதை விட்டுக்கொடுத்துக் கீழே வந்து சமமாவது போராட்டம் ஆகாது. எல்லோருக்கும் முழுக்கால்சட்டை கேட்போம், சமத்துவம் மேல்நோக்கித்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் எடுத்த நிலை. மனு, மறுப்பு, உண்ணாவிரதம், செஞ்சிலுவைச் சங்கத்திடம் முறையீடு என்று ஆண்டுக்கணக்கில் போனது. உணவில் இருந்த பாகுபாடு 1979இல்தான் முடிவுக்கு வந்தது.

இதே நாட்டில் இதற்கு நேர்மாறான ஒரு காட்சியும் உண்டு. 1908இல் ஜொகானஸ்பர்க் சிறைக்குப் போன காந்தி, இந்தியக் கைதிகளைக் கறுப்பினக் கைதிகளோடு ஒரே வகையில் சேர்த்ததை எதிர்த்துத் தன் பத்திரிகையில் எழுதினார். தனி வகை வேண்டும் என்பது அன்றைய இந்தியத் தலைமையின் கோரிக்கை. அந்தச் சத்தியாக்கிரகத்தில் தமிழர்கள் கூட்டம் கூட்டமாகச் சிறைக்குப் போனார்கள். 1914இல், சிறையிலிருந்து நோயோடு வெளிவந்து இறந்த தில்லையாடி வள்ளியம்மை அவர்களில் ஒருவர். ஜொகானஸ்பர்க் தமிழர் சங்கத்தை வழிநடத்திய தம்பி நாயுடு இன்னொருவர். அந்தத் தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடு 1963இல் கைதாகி, ராபன் தீவில் பத்தாண்டு இருந்தார். தாத்தா காலத்துக் கோரிக்கை 'எங்களைத் தனியாக வையுங்கள்'. பேரன் காலத்துப் போராட்டம் 'எல்லோருக்கும் ஒன்றாகக் கொடுங்கள்'. இதைச் சொல்வது ஒரு தலைவரைப் பழிக்க அல்ல. ஒடுக்கப்பட்டவர்கள் அரை நூற்றாண்டில் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்பதற்கு இது சான்று.

நம்மவர்கள் அந்த நாட்டுக்குப் போனதே ஒரு பட்டியலில் ஏறித்தான். 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகளோடு டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அந்தக் கப்பல் பட்டியல்களில் பெயர், வயது, ஊர் எழுதிய கையோடு சாதி எழுதவும் ஒரு கட்டம் இருந்தது. கடல் தாண்டிய பிறகும் அந்தக் கட்டம் நிரப்பப்பட்டது.

பலகையைப் பார்த்து முடித்ததும் அந்தப் பெரியவர் எங்களிடம் கேட்டார்: "உங்கள் நாட்டுச் சிறையில் எப்படி?" எங்கள் வழக்கறிஞர் தோழர் பதில் சொன்னார்: "சில மாநிலங்களில் விதிநூலிலேயே அச்சடித்திருக்கிறது. எங்கள் பக்கம் அச்சடிக்காமலே நடக்கிறது." பெரியவர் பலகையை ஒரு முறை பார்த்தார். "இருக்கிறது என்றா சொல்கிறீர்கள், இருந்தது என்றா?" என்றார். இருக்கிறது என்றோம்.

அது 2019. அடுத்த ஆண்டு பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா, இந்தியச் சிறைகளில் சாதிப்படி வேலை பிரிக்கப்படுவதை விரிவாக எழுதினார். பிறகு அவரே உச்ச நீதிமன்றம் போனார். 2024 அக்டோபர் 3 அன்று தீர்ப்பு வந்தது. அதில் எடுத்துக்காட்டப்பட்ட விதிகளை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். உத்தரப் பிரதேச விதி ஒன்று, சாதாரணத் தண்டனைக் கைதிக்கு இழிவான வேலை தரக்கூடாது என்கிறது. அந்த வேலையைச் செய்து பழகிய சமூகத்தவராக இருந்தால் தரலாமாம். மேற்கு வங்க விதி, துப்புரவுக்கு எந்தெந்தச் சாதியிலிருந்து ஆள் எடுக்க வேண்டும் என்று பெயர் சொல்கிறது. ராபன் தீவின் பலகையில் இருந்தது அவுன்சு. நம் விதிநூலில் இருந்தது துடைப்பம்.

நீதிமன்றம் இவற்றை ரத்து செய்தது. அரசமைப்பின் 17ஆம் பிரிவு தடைசெய்த தீண்டாமை இது என்றது. கைதிகளின் பதிவேட்டில் சாதிக் கட்டத்தை நீக்கச் சொன்னது. விதிநூல்களைத் திருத்த மாநிலங்களுக்கு மூன்று மாதம் கொடுத்தது.

நம் பாளையங்கோட்டையும் அந்த வழக்கில் வந்தது. அங்கே கைதிகளைச் சாதிவாரியாகத் தனித்தனி பிளாக்கில் வைப்பது பற்றி முன்பே வழக்கு நடந்தது. மோதலைத் தவிர்க்கத்தான் என்றது அரசுத் தரப்பு. சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றம் அந்த நியாயத்தை நிராகரித்தது. பிரித்து வைத்தால்தான் அமைதி என்பது நிறவெறி அரசும் சொன்ன வாதம்தான். சேரிக்கும் ஊருக்கும் நடுவில் சுவர் எழுப்புகிறவர்கள் சொல்வதும் அதுவே.

நம் சிறை நினைவகங்களுக்கு வருவோம். அந்தமான் செல்லுலார் சிறை 1896க்கும் 1906க்கும் இடையில் கட்டப்பட்டது. ஏழு கிளைகளில் இன்று எஞ்சியவை மூன்று. 1979 முதல் தேசிய நினைவகம். கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கைப் போற்றிப் பாதுகாக்கிறோம். பாதுகாக்க வேண்டியதுதான். சென்னை சென்ட்ரல் எதிரிலிருந்த பழைய மத்தியச் சிறையோ புழலுக்கு மாற்றப்பட்ட பிறகு 2009இல் இடிக்கப்பட்டது. அது எந்தக் கதையும் சொல்லாமல் போய்விட்டது.

செக்கு இருக்கிறது. ஆனால் இந்தச் சிறைகளில் மலக்கூடை சுமந்த கைதி எங்கே? அவன் பெயர் என்ன? எந்தச் சாதிக்காரன் சமையலறைக்குள் விடப்பட்டான், எவன் வாளியோடு அனுப்பப்பட்டான்? இதைச் சொல்லும் பலகை எந்த நினைவகத்தில் இருக்கிறது? நம் சிறை நினைவகங்களில் வெள்ளைக்காரன் மட்டுமே கொடுமைக்காரன். உள்ளே சாதி நடத்திய நிர்வாகத்துக்கு அங்கே ஒரு வரிகூட இல்லை.

ராபன் தீவு குறையில்லாதது என்று சொல்ல வரவில்லை. அது ஆண்களின் சிறை. போராடிச் சிறைப்பட்ட பெண்களின் கதைக்கு ஜொகானஸ்பர்க் பெண்கள் சிறைக்குத்தான் போக வேண்டும். வெற்றிக் கதையாக முடிக்கும் ஆர்வமும் அங்கே உண்டு. படகு திரும்பி வந்து சேரும் துறைமுகத்தில் பளபளக்கும் கடைகள், நகரத்தின் விளிம்பில் தகரக் குடிசைகள். ஆனாலும் இரண்டு காரியங்களை அவர்கள் சரியாகச் செய்தார்கள். கைதியின் வாயாலேயே கதையைச் சொல்ல வைத்தார்கள். படிநிலையின் பலகையைக் கழற்றி எறியாமல் காட்சிக்கு வைத்தார்கள். ஜொகானஸ்பர்க்கில் இன்னும் ஒரு படி மேலே போய், விசாரணைக் கைதிகளின் கட்டடத்தை இடித்த செங்கல்லை எடுத்து அரசமைப்பு நீதிமன்றத்தின் சுவரில் வைத்துக் கட்டினார்கள்.

அந்தப் பலகை நமக்குள்ளும் ஒரு கேள்வி கேட்கிறது. விதிநூல்கள் துடைப்பத்தைக் கொடுத்தது பட்டியல் சாதியினர் எல்லோருக்கும் ஒரே அளவில் அல்ல. பட்டியலுக்குள்ளும் கடைசிப் படியில் வைக்கப்பட்டவர்கள் கையில்தான் அது அதிகம் திணிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009இல் சட்டமானது. உள் ஒதுக்கீட்டுக்கு மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த அரங்கிலேயே இதில் இரண்டு கருத்துகள் இருப்பது தெரியும். விவாதிப்போம். ஆனால் விவாதிக்கும்போது, நம் கையில் ஒரு அவுன்சு கூடுதலாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். இருந்தால் அதை மறைக்க வேண்டாம், கீழே போடவும் வேண்டாம். கத்ராடாவுக்கு அவருடைய தோழர்கள் சொன்னதைச் செய்வோம். இல்லாதவருக்கும் அது கிடைக்கும்வரை அவர் பக்கம் நிற்போம்.

கடைசியாக, வேலை. இந்திய மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 2011 கணக்கெடுப்பின்படி 16.6 விழுக்காடு. சிறைக்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். மொத்தக் கைதிகளில் நான்கில் மூவர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். சிறை நமக்கு வரலாற்றுப் பாடம் மட்டுமல்ல. நம் தெருப் பையன்கள் இன்று இருக்கும் இடம்.

ஆகவே மாணவர்களிடம் மூன்று வேலைகளை ஒப்படைக்கிறோம். ஒன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். உங்கள் மாவட்டச் சிறையின் பதிவேட்டில் சாதிக் கட்டம் நீக்கப்பட்டதா, துப்புரவு வேலை யாருக்கு எப்படி ஒதுக்கப்படுகிறது என்று கேளுங்கள். இரண்டு, சிறை சென்று திரும்பிய நம் மக்களிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். எந்த பிளாக், என்ன வேலை, யார் சமைத்தது, யார் வாளி தூக்கியது என்று அவர்கள் மொழியிலேயே எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் பெயர் போடாதீர்கள். மூன்று, எந்தப் பழைய சிறையாவது நினைவகமாகும் செய்தி வந்தால், அங்கே கைதிகளின் வேலைப் பட்டியலும் சாதிவாரிப் பிரிவினையும் காட்சிக்கு வைக்கப்பட வேண்டும் என்று மன்றத்தின் சார்பில் கோரிக்கை வையுங்கள்.

முதல் மனுவின் மாதிரியை எங்கள் வழக்கறிஞர் தோழர் எழுதி எடுத்துவந்திருக்கிறார். வெளியே புத்தக மேசையில் இருக்கிறது. போகும்போது ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜெய்பீம்.